வேலை போன பின் வரும் காகிதங்கள்

மனிதனுக்கு வரும் துக்கங்களில் பெரும்பாலானவற்றுக்கு நம் சமூகம் ஒரு சடங்கையும் சில துணைவர்களையும் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால், துக்கத்துக்குரியவன் திண்ணையில் அமர்ந்திருக்க, பந்தல் போடுவதிலிருந்து நகராட்சியில் இறப்பைப் பதிவு செய்வது வரை அத்தனை காரியங்களையும் உறவினரும் அண்டை வீட்டாரும் தம் பொறுப்பாக ஏற்றுக்கொள்கிறார்கள். உத்தியோகத்தை இழந்தவனுக்கோ அத்தகைய சலுகை எதுவும் கிடையாது. இழப்பின் வேதனை நெஞ்சை விட்டு அகலாத அந்த நாட்களிலேயே, அதற்குரிய காகிதங்களையெல்லாம் அவனே எழுதி, அவனே கையொப்பமிட்டு, அவனே சுமந்துகொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டாவது துன்பத்தை அனுபவித்தவர்கள் அதைப்பற்றி அதிகம் பேசுவதில்லை. வெட்கமே காரணம் என்று நினைக்கிறேன். அந்த வெட்கம் அநாவசியமானது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

எனக்கு அந்தச் சந்தர்ப்பம் நாற்பதுகளின் நடுவில் வாய்த்தது. சென்னைக்கு மேற்கே, மோட்டார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஆட்குறைப்பு என்று முடிவான பிறகு, என்னைவிட மிகவும் இளையவரான அதிகாரி ஒருவர் என்னை அழைத்து, "சார், நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டா ரிலீவிங் லெட்டர் சீக்கிரம் வந்துடும், வேற இடத்துல கேட்டாலும் நல்லா இருக்கும்" என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. எனக்கு நன்மை செய்வதாகவே அவர் நம்பியிருக்கக்கூடும். ஆயினும் அந்த ஒரு தாளில் அடங்கியிருந்தது என்ன என்பதை நிதானமாக யோசிக்க வேண்டும். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953-ல் சேர்க்கப்பட்ட அத்தியாயம், ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து உழைத்த தொழிலாளியை ஆட்குறைப்பில் நீக்கும்போது, ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தருவதோடு, பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை நஷ்டஈடாகக் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. தானே விலகியவனுக்கு அந்த நஷ்டஈடு இல்லை. ஆகவே, போகும்படி சொல்லப்பட்டவன் தானே போனதாகத் தன் கையாலேயே எழுதித் தரும்போது, அவன் தன் உரிமையை மட்டுமல்ல, தனக்கு நேர்ந்தது இன்னது என்று சொல்லும் அதிகாரத்தையும் கைவிடுகிறான்.

அன்று நான் கையொப்பமிடாமல் வந்ததற்குக் காரணம் எங்கள் தெருவில் வசித்த ஒரு பெரியவர். பெரம்பூரில் பின்னி ஆலை என்று ஜனங்கள் அழைத்த பக்கிங்ஹாம் கர்னாடிக் ஆலையில் நெசவுப் பகுதியில் உழைத்து, 1996-ல் அது மூடப்பட்டபோது வெளியே வந்தவர். 1918-ல் திரு.வி.க.வும் பி.பி. வாடியாவும் முன்னின்று நடத்திய சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த ஆலைத் தொழிலாளரிடையே பிறந்தது என்பதை அறிந்தவர்கள், அவ்வாலையைச் சேர்ந்த முதியவர்களிடம் காணப்படும் ஒருவிதத் தலைநிமிர்வுக்கு வியப்படைய மாட்டார்கள். அவர் என்னிடம், "தம்பி, போகச் சொன்னவன்தான் எழுதணும், போறவன் எழுதக் கூடாது" என்றார். நான் படித்த சட்டப் புத்தகங்கள் எவையும் அத்தனை தெளிவாக இதைச் சொன்னதில்லை.

அதன்பின் தொடங்கியது வருங்கால வைப்பு நிதியின் கதை. 1952-ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான இந்த ஏற்பாட்டில், தொழிலாளியின் அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 12 சதவீதம் மாதந்தோறும் பிடிக்கப்படுகிறது. முதலாளியும் அதே அளவு செலுத்துகிறார். அவர் செலுத்துவதிலிருந்து, சம்பளத்தின் 8.33 சதவீதம், ஒரு வரம்புக்கு உட்பட்டு, ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. இத்தனை ஆண்டுகள் பிடித்தபோது என் பெயரில் எவருக்கும் சந்தேகம் எழவில்லை. திரும்பக் கேட்டபோதுதான் எழுந்தது. தமிழ்நாட்டில் தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாக முன்னால் வைத்துக்கொள்வது வழக்கம். குடும்பப் பெயர் என்று ஒன்று நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. ஆனால் கணினிப் படிவமோ முதற்பெயர், கடைப்பெயர் என்று இரண்டைக் கேட்கிறது. விளைவாக, ஆதாரில் இனிஷியல் பின்னால் வந்தது. வங்கிப் புத்தகத்தில் முன்னால் நின்றது. நிறுவனம் அனுப்பிய பதிவிலோ என் தந்தையின் முழுப்பெயரே என் பெயரோடு சேர்ந்துகொண்டது. "மூணும் ஒண்ணா இல்லியே சார், கம்பெனிலேர்ந்து கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். வேண்டாம் என்று அனுப்பியவரிடமே திரும்பிச் சென்று, நான் நான்தான் என்று அவர் சான்றளிக்கும்படி கேட்க வேண்டிய நிர்ப்பந்தம் அது. வேலை போன அன்றுகூட நான் அவ்வளவு சிறுத்துப் போனதாக உணரவில்லை.

அந்த உணர்ச்சியைப் பற்றிப் பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். உத்தியோகம் நமக்குச் சம்பளத்தை மட்டும் தருவதில்லை. இன்னார் என்று பிறர் நம்மை அறிவதற்கு ஓர் அடையாளத்தையும் தருகிறது. அது போன பிறகு, உள்ளத்தில் ஏற்கனவே எழுந்துகொண்டிருக்கும் 'நான் யார், எதற்கு உபயோகம்' என்னும் கேள்வியும், படிவத்தின் வெற்றுக் கட்டங்கள் கேட்கும் கேள்வியும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று கைப்பேசியில் செய்தி வரும்போது, நிராகரிக்கப்பட்டவன் நானே என்று நெஞ்சம் எண்ணிக்கொள்கிறது. இந்தக் கலப்பைப் பிரித்தெடுப்பதுதான் இந்நாட்களில் விவேகம் செய்ய வேண்டிய முதற்காரியம் என்பது என் துணிபு. எழுத்தர் பார்ப்பது ஓர் எழுத்தின் இடத்தை. என் ஜீவனத்தின் மதிப்பை அவர் எடைபோடவில்லை, எடைபோடும் சக்தியும் அவருக்கு இல்லை. அவரும் கணினித் திரை அனுமதித்ததற்குமேல் ஒன்றும் செய்ய இயலாதவர். மாலையில் களைத்த முகத்தோடு அதே பஸ்ஸுக்கு நிற்பவர்.

மற்றொன்று இதைவிட முக்கியம். அங்கே நாம் கேட்கச் செல்வது தர்மம் அன்று. வைப்பு நிதி நேற்றைய சம்பளம், பணிக்கொடையும் அப்படியே. ஐந்தாண்டுகள் உழைத்தவனுக்கு ஆண்டொன்றுக்கு 15 நாள் ஊதியம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கிட்டு, 30 நாட்களுக்குள் தரவேண்டும், தாமதித்தால் வட்டியும் உண்டு என்று 1972-ஆம் ஆண்டின் சட்டம் வகுத்தபோது, அது கருணையைப் பற்றிப் பேசவில்லை, கடனைப் பற்றிப் பேசியது. வேலைவாய்ப்பு அலுவலகங்களின் பிறப்பும் அத்தகையதே. 1945 ஜூலையில், யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித் தருவது அரசின் கடமை என்று கருதியே அவை தொடங்கப்பட்டன. கடன் கொடுத்தவன் கடனாளியின் வாசலில் கூனி நிற்பதில்லை. கோபத்தில் கத்தவும் அவசியம் இல்லை. இந்த மனோபாவம் வந்தபின் என் அலைச்சல் குறையவில்லை. வரிசையில் நான் நின்ற விதம் மாறியது.

அந்த வரிசையில்தான் ஒரு பெண்ணைச் சந்தித்தேன். ஸ்ரீபெரும்புதூரில் 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்திய கைப்பேசித் தொழிற்சாலையில் இளம்வயதில் சேர்ந்து, அது போனபின் ஒப்பந்த வேலை ஒன்றில் சேர்ந்து, அதையும் இழந்தவள். நகல்களை வரிசையாக அடுக்கிய ஒரு பிளாஸ்டிக் உறை அவள் கையில் இருந்தது. "அண்ணா, எதைக் கொடுத்தாலும் சீல் போட்ட நகல் வாங்காம வெளியே வராதீங்க; பேசுறவங்க பேரையும் தேதியையும் அதுலயே எழுதி வச்சுக்குங்க" என்றாள். பிறகு, படிவத்தைப் பார்த்துத் திகைத்து நின்ற வயதான ஒருவரை அழைத்து உட்காரவைத்து, ஓய்வூதியப் பகுதிக்கு வேறு படிவம் உண்டு என்று விளக்கி, அவருக்காக அதை நிரப்பத் தொடங்கினாள். துக்க வீட்டில் அண்டை வீட்டார் செய்யும் காரியத்தை, வேலை இழந்தவர்களுக்கு வேலை இழந்தவர்களே செய்துகொண்டிருந்தார்கள். வேலை போனால் தனியாக அலுவலகத்துக்குப் போகாதீர்கள், யாரையாவது உடன் அழைத்துப் போங்கள் என்று நான் இப்போது எல்லோரிடமும் சொல்வதற்கு அவளே காரணம்.

எனினும், தனிமனிதரின் தைரியத்தையும் தோழமையையும் நம்பியே ஓர் ஏற்பாடு நடப்பது நியாயமாகாது. வேலையை விட்ட தேதியை முதலாளி வைப்பு நிதிக் கணக்கில் பதியாமல் விட்டால் உறுப்பினரே பதிந்துகொள்ளலாம் என்று 2020-ன் தொடக்கத்தில் வழி செய்தார்கள், நல்லதே. ஆனால் அதற்கும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். வாடகையும் பள்ளிக் கட்டணமும் அவ்வாறு காத்திருப்பதில்லை. ஒருவனை வேலைக்கு வைத்திருந்த காலமெல்லாம் அவன் பெயரும் கணக்கு எண்ணும் முதலாளியின் ஏட்டிலேயே இருந்தன; மாதம் தவறாமல் பிடித்தம் செய்ய அவை போதுமானவையாகவும் இருந்தன. ஆகவே, தேதியைப் பதிந்து, பெயரைச் சரிசெய்து, பணிக்கொடையைக் கணக்கிட்டுக் கையில் கொடுத்த பிறகே நீக்க உத்தரவு செல்லுபடியாகும் என்று சட்டம் திருத்தப்பட வேண்டும். அந்தக் காகிதங்களைச் சுமந்து அலையவேண்டியவர் அனுப்புகிறவரே.