மனிதன் எப்போது மனிதனானான்?



கிள்ளானில் என் கடையில், இஷாவுக்குப் பிறகு நம்மவர் நாலு பேர் தேநீருக்குக் கூடுவது வழக்கம். ஒரு நாள் கல்லூரி மாணவர் ஒருவர், "மனிதன் குரங்கிலிருந்து வந்தானா?" என்று கிளப்பிவிட்டார். "ஆதம் நபி (அலை) அவர்களின் மக்கள் நாம், தம்பி, அத்துடன் நிறுத்து" என்றார் ஒரு பெரியவர். "இன்றுள்ள குரங்கிலிருந்து வந்ததாக விஞ்ஞானிகளும் சொல்லவில்லை, பாவா, இரண்டுக்கும் பொதுவான மூதாதை இருந்ததாகவே சொல்கிறார்கள்" என்றார் மாணவர். வழக்குத் தீரவில்லை. மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் மட்டுமே கண்ட நான் அதற்குத் தீர்ப்புச் சொல்லத் தகுதியற்றவன். ஆனால் வேறொரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. எந்தக் குணத்தால் ஒருவனை மனிதன் என்கிறோம்?

கருவி செய்யும் திறமையால் என்பார்கள் சிலர். சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் 1863ஆம் ஆண்டு ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் பழங்காலக் கல்லாயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார். அதே வட்டாரத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளுக்குச் சுமார் 15 இலட்சம் ஆண்டு வயது. நம் மனித இனத்திற்கோ சுமார் 3 இலட்சம் ஆண்டுதான் வயது என்று ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். ஆகவே நமக்கு முன்னிருந்த இனங்களுக்கும் அந்தத் திறமை இருந்திருக்கிறது.

சென்ற விடுமுறையில் பேராக் மாநிலத்து லெங்கோங்கிற்குக் குடும்பத்துடன் சென்றேன். அங்கேதான் விடை கிடைத்தது. 1991இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியை சுராய்னா மஜீத் குழுவினர், குனோங் ருந்தோ குகையில் ஒரு முழு எலும்புக்கூட்டைத் தோண்டியெடுத்தனர். 'பேராக் மனிதன்' என்று அதற்குப் பெயர். வயது சுமார் 10,000 ஆண்டுகளுக்கு மேல். லெங்கோங் பள்ளத்தாக்கை 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அவருடைய இடது கை பிறவியிலேயே குறையுள்ளது, சூம்பிப் போனது. ஆயினும் நாற்பது வயதைக் கடந்து வாழ்ந்திருக்கிறார். இறந்த பின் கருவிலிருக்கும் குழந்தையைப் போல் கால்களை மடக்கிப் படுக்கவைத்து, ஆற்றுச் சிப்பிகளும் இறைச்சியும் கற்கருவிகளும் உடன் வைத்து அடக்கியிருக்கிறார்கள்.

அவர் தம் கூட்டத்தில் பெரிய மனிதராயிருந்திருப்பார், அதனால்தான் இந்த மரியாதை என்று சிலர் கருதுகிறார்கள். இருக்கட்டும். ஆனால் பிறந்த அன்று அவர் பெரிய மனிதரா? சூம்பிய கையுடன் ஒரு சிசு. வேட்டையாடிப் பிழைத்த காலம், களஞ்சியமில்லை, கல்லாவில்லை. 'இந்தப் பிள்ளையால் என்ன ஆதாயம்?' என்று அன்று கணக்குப் பார்த்திருந்தால், அவர் நாற்பது வயதைக் கண்டிருப்பாரா?

வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரு முகம் என் கண்முன் நின்றது. இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு பையன் என் கடைக்கு வேலை கேட்டு வந்தான். வலது கை சரியில்லை. "அரிசி மூட்டை தூக்க வேண்டுமே, தம்பி" என்று திருப்பியனுப்பிவிட்டேன். பற்று எழுத, போன் எடுக்க, கல்லாவில் உட்கார எனக்கு ஆள் தேவைதான். அதை அவனிடம் சொல்லவேயில்லை. கண் பார்வையற்ற ஸஹாபி இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முன்னிட்டு இறங்கிய சூராவைச் சிறுவயதில் மனப்பாடமாக ஓதிய நாவுதான் என்னுடையது. எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் குகைவாசிகள் நடந்துகாட்டியதை நான் ஓதி மட்டும் வைத்திருந்தேன்.

அவனைத் தேடினேன். வேறு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

சகோதரர்களே, மனித இனம் எப்போது தோன்றியது என்பதை அறிஞர்கள் ஆராயட்டும். ஒவ்வொருவனும் மனிதனாகும் நேரமோ அவனவன் கடைவாசலில் வருகிறது. எனக்கு வந்தபோது நான் மூட்டையை நினைத்தேன். உங்களுக்கு வரும்போது ஆளை நினையுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் அதற்கான தௌஃபீக்கைத் தருவானாக. ஆமீன்.