தள்ளுபடி யாருடைய பங்கிலிருந்து?

ஏனாத்தூர்ப் பல்கலைக்கழகத்தில் பயிலும் மாணவர் ஒருவர், சென்ற மாதம் மஃரிபுத் தொழுகை முடிந்ததும் நம்மிடம் விந்தையானதொரு வழக்கைக் கொண்டு வந்தார். “ஹஜ்ரத்! கணினி விளையாட்டு ஒன்றை 2,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பத்தாம் நாள் அதையே 1,000 ரூபாய்க்கு விற்கிறார்கள். முழு விலை கொடுத்தவன் ஏமாளியா? மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா?” என்றார். விளையாட்டுப் பிள்ளையின் வழக்கென்று சிரித்துக் கடத்திவிட எண்ணினோம், இயலவில்லை. காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

விலை குறைப்பது உடையவனின் உரிமை. மதீனாவில் விலை ஏறியபோதுகூட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விலையை வரையறுக்க மறுத்தார்கள். ஆயினும், சந்தையில் உலர்ந்த திராட்சையை மலிவாக விற்ற ஹாதிப் இப்னு அபீ பல்தஆ (ரலி) அவர்களிடம், ‘விலையை உயர்த்தும், இன்றேல் சந்தையை விட்டகலும்’ என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் கூறியதை இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா பதிந்துள்ளது. மலிவு ஏனைய வணிகரை நசுக்கிவிடும் என்ற கவலை போலும்! பின்னர் உமர் (ரலி) அவர்களே அவர் இல்லம் சென்று, ‘அது நம் கட்டளையன்று, விரும்பியவாறு விற்பீராக’ என்றதாக இமாம் ஷாஃபிஈ (ரஹ்) வழியாக ஓர் அறிவிப்பு உண்டு. அத்துணை பெரியவரே சொல்லிவிட்டு மீண்டும் எண்ணிப் பார்த்த விஷயம் இது.

மாணவர் வாங்கியது ‘ஸ்டீம்’ என்னும் இணையக் கடையில். 2003 முதல் நடக்கும் அக்கடை, கோடையிலும் குளிர்காலத்திலும் பெருந்தள்ளுபடி அறிவிப்பது வழக்கம். விளையாட்டின் முதற் பிரதிக்கே ஆண்டுக்கணக்கான உழைப்பு; அடுத்த பிரதிக்கு ஏறக்குறையச் செலவே இல்லை. பாதி விலைக்கு இன்னொரு பிரதி விற்பதனால் அன்றைய தினம் எவர் கூலியும் குறைவதில்லை.

நம்மூர்ப் பட்டுச்சேலை அப்படியா? ஒவ்வொரு சேலைக்கும் புதிதாகப் பாவு வேண்டும், ஊடை வேண்டும், ஜரிகை வேண்டும். கோர்வைச் சேலையாயின் கரையை உடலோடு கோத்து வாங்க இன்னொரு கையும் வேண்டும். நாட்கணக்கில் தறிக்குழியில் கால் வைத்திருந்தால்தான் ஒரு சேலை இறங்கும். அதில் பாதியைத் தள்ளினால், அந்தப் பாதி எங்கிருந்தோ வந்தாக வேண்டும். 1935 இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் தீபாவளிக்குத் தள்ளுபடி தருகிறது. கைத்தறித் தள்ளுபடியில் ஒரு பகுதியை அரசு மானியமாக ஈடு செய்கிறது. அது வெளிப்படையான கணக்கு. விலையை முதலில் ஏற்றி எழுதிப் பிறகு அடித்துக் காட்டுவதோ கலப்படமற்ற மோசடி. பஸராவின் ஜவுளி வணிகர் யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்), தம் சகோதரர் மகன் 200 திர்ஹம் ஆடையை 400க்கு விற்றதறிந்து, வாங்கியவர் மனமொப்பியே வாங்கியதாகக் கூறியும், 200ஐத் திருப்பித் தந்தார் என இஹ்யாவில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எழுதுகிறார்கள்.

இனி நம் காரணம். மகளின் நிக்காஹுக்கு ஒரு கடையில் பாதி விலைக்குப் பட்டெடுத்து, பலரிடம் பெருமையாகச் சொல்லித் திரிந்தோம். ஓராண்டு கழித்து, அக்கடைக்கு நெய்து கொடுத்த நெசவாளர் ஒருவர் பேச்சுவாக்கில், தள்ளுபடிக் காலச் சேலைகளுக்குக் கூலியைக் குறைத்தே கொடுத்தார்கள் என்றார். நம் சேலையும் அவற்றுள் ஒன்றா? கேட்க நா எழவில்லை.

மாணவருக்கு வழி கிடைத்தது. வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திருப்பித் தரலாம் என்பது 2015 முதல் அக்கடையின் விதி. ஃபிக்ஹு நூல்கள் இகாலா என்று போற்றும் செயலுக்கு நெருங்கியது. ஒரு மணி நேரமே ஆடியிருந்தாராம். பணம் திரும்பி வந்தது.

சேலையைப் பெருநாளன்று மகள் இன்றும் உடுத்துகிறாள். விலை கேட்போரிடம் பாதி விலைக்குக் கிடைத்ததென்று சொல்வதை மட்டும் நாம் நிறுத்திவிட்டோம்.