மணி என்ன ஆச்சு?

வங்கியொன்றில் என் முறைக்காகக் காத்திருந்தபோது, மனைவியைப் பறிகொடுத்துச் சில நாட்களே ஆகியிருந்த முதியவர் ஒருவர், முதிர்வதற்கு ஒரு மாதமே எஞ்சியிருந்த தம் வைப்புத்தொகையை அன்றைக்கே முடித்துப் பணமாகத் தரும்படி கேட்டுக்கொண்டிருந்தார். "காரியச் செலவுக்குங்களா ஐயா?" என்று குமாஸ்தா விசாரித்தார். "அதெல்லாம் மகன் பார்த்துக்கிறான்" என்று பதில் வந்தது. ஒரு மாதம் பொறுத்தால் வட்டி குறையாதே என்று அவர் இதமாகத்தான் எடுத்துச் சொன்னார், எவ்வளவு குறையும் என்றுகூடக் கேளாமல், "மணி என்ன ஆச்சு, தம்பி?" என்றார் பெரியவர். சுவர்க் கடிகாரம் அவருக்கு நேர் எதிரே இருந்தது. பணத்தை மடியில் முடிந்துகொண்ட பிறகும் அதையே மறுபடி கேட்டு, விடைக்கு நில்லாமல் வெளியேறினார்.

வட்டி போனது என்னை உறுத்தவில்லை; அந்தக் கேள்விதான் உறுத்துகிறது. ஆண்டுக்கணக்காகச் சேமித்தவருக்குப் பொறுமை புதிதன்று. அப்படிப்பட்டவர், எங்கும் போகவேண்டிய அவசரம் இருந்ததாகத் தோன்றாத ஒரு முற்பகலில், கண்ணெதிரே கடிகாரம் இருக்க, மணியைக் கேட்பானேன்?

அமெரிக்க உளவியல் அறிஞர் வால்ட்டர் மிஷெலும் அவருடைய சகாக்களும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் நடத்தி 1972இல் வெளியிட்ட பரிசோதனையொன்றைப் பற்றி எப்போதோ படித்தது நினைவுக்கு வருகிறது. பொறுத்திருக்கும் குழந்தைக்கு மிகவும் விரும்பிய தின்பண்டம். மாட்டாத குழந்தைக்கு அதனினும் குறைந்தது, ஆனால் அப்போதே. காத்திருக்கையில் துயரமான நிகழ்ச்சிகளை நினைக்கும்படி சொல்லப்பட்ட குழந்தைகள், மகிழ்ச்சியானவற்றை நினைத்த குழந்தைகளைப்போல் நெடுநேரம் பொறுத்திருக்கவில்லை. அந்தத் துயரத்துக்கும் எதிரே இருந்த தின்பண்டத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதே என்னைத் திகைக்கவைக்கிறது. ஓரிடத்தில் பட்ட காயம் வேறோரிடத்தில் பொறுமையைக் குலைக்குமானால், அவசரத்தின் காரணத்தை அவசரப்பட்ட விஷயத்திலேயே தேடுவது வீண் அல்லவா?

இந்த இடத்தில் என் பாட்டனாரின் திண்ணை குறுக்கிடுகிறது. விளக்கேற்றிய பிறகு சிலப்பதிகாரக் கதையைச் சொல்லிவருகையில், கொலைக்களக் காதையை எட்டியதும் அவர் குரல் தாழ்ந்துவிடும். கூத்தியர் ஆடலிலும் பாடலிலும் அரசன் மனம் சென்றதைக் கண்டு ஊடிய கோப்பெருந்தேவி, தலைநோவென்று சொல்லி அந்தப்புரம் புக, அவள் ஊடலைத் தணிக்கும் ஆவலில் மந்திரிகளை விட்டுவிட்டுப் பாண்டியன் விரைகிறான். தேவியின் சிலம்பைத் திருடிய கள்வன் அகப்பட்டான் என்று சொல்லிக்கொண்டு வாயிலிலேயே பொற்கொல்லன் எதிர்ப்படுகிறான். சிலம்பு கள்வன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவரச் சொல்லிவிட்டு அரசன் உள்ளே போய்விடுகிறான். "ராஜாவுக்கு அந்தச் சமயத்தில் வேண்டியது நியாயம் அல்லடா, வழி" என்பார் பாட்டனார். ஒரு நாழிகை தாமதித்திருந்தால் மதுரை எரிந்திராது என்று நான் அழுதது உண்டு. மந்திரிகள் உடன் இல்லாததை ஆசிரியர் சொல்லிவைத்த நுட்பம் பிற்பாடுதான் புலப்பட்டது.

ஆயினும் வங்கியில் கண்டதை அந்த வரிசையில் வைக்க மனம் ஒப்பவில்லை. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர் ஒருவரால் முன்னதாக வாக்களித்து ஏமாற்றப்பட்ட குழந்தைகள் தின்பண்டத்துக்காகச் சராசரியாக 3 நிமிஷமே பொறுத்தார்கள். சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகளோ 12 நிமிஷம். ஏமாந்த குழந்தை நாளையை நம்பாததை அவிவேகம் என்பது எப்படி? நாற்பது வருஷம் கூட இருந்தவள் சொல்லாமல் போய்விட்ட வீட்டில், அடுத்த மாதம் என்பதும் காப்பாற்றப்படாத ஒரு வாக்காகத் தோன்றியிருக்கலாம். மணி கேட்டது, காலம் இன்னும் நடக்கிறதா என்று யாரிடமாவது கேட்டுத் தெளிந்துகொள்ளத்தானோ என்னவோ. இதுவும் என் ஊகமே.

சட்டமும் இந்த விஷயத்தில் ஒரே நிலையில் நிற்கவில்லை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் சேர்த்த பிரிவு, இருவரும் மனமொத்துக் கேட்கும் மணவிலக்குக்குக்கூட 6 மாத அவகாசம் விதித்தது. கொதிப்பு அடங்கட்டும் என்பது அதன் கருத்து. 2017இல் உச்ச நீதிமன்றமோ, சேர்ந்து வாழ வழியே இல்லாதவர்களுக்கு அந்த அவகாசம் வேதனையை நீட்டிப்பதாகவே முடியும் என்று கண்டு, தக்க வழக்குகளில் அதைத் தவிர்க்கலாம் என்றது. இரண்டும் எனக்கு நியாயமாகவே படுகின்றன. பாண்டியனின் அவசரமும் ஏமாந்த குழந்தையின் அவசரமும் வெளிக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. எதைத் தடுத்து நிறுத்துவது, எதற்கு வழிவிடுவது என்று பிரித்தறிவதற்கான அடையாளம் எதையும் நான் இன்னும் காணவில்லை.