மாற்றிக் கொடுத்தால் கடன் தீருமா?

பழுதுபட்ட பொருளைப் பெற்றுக்கொண்டு வேறொன்றைக் கொடுத்துவிட்டால் விற்றவரின் கடன் தீர்ந்துவிடுகிறதா? சிறிய வினாவாகத் தோன்றினும், இல்லறத்தாராகிய நாம் சிந்திக்கவேண்டிய அறவினா இது. நம் வீட்டில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டே இதனை ஆராய்வோம்.

திருவண்ணாமலையில் கடையொன்றில், கார்த்திகை தீபத்திற்கு முந்திய வாரம், மாவரைக்கும் கிரைண்டர் ஒன்று வாங்கினோம். உத்தரவாதம் ஓராண்டு. நான்காம் மாத முடிவில் மோட்டார் நின்றது. கடைக்கும் வீட்டுக்குமாக இரண்டு மாதம் நடந்தபின் வேறு கிரைண்டர் கொடுத்தனர். நன்றி கூறிப் பெற்று வந்தோம். ஏழு மாதங்களில் அதுவும் நின்றது.

கடையில் இருந்தவர் நம்மிடம் பயின்ற மாணவர். “டீச்சர், பழைய பில் தேதியிலிருந்துதான் கணக்கு. வருஷம் முடிஞ்சு ஒரு மாசம் ஆயிடுச்சு. கார்டுலயே போட்டிருக்கு” என்றார், தலைகுனிந்தபடி. அட்டையைப் படித்தோம், சிற்றெழுத்தில் அவ்வாறே இருந்தது. நமக்கு முன் நின்ற இட்லிக்கடை அம்மையாருக்கும் இதே விடைதான் கிடைத்தது. அவர் ஒரு சொல்லும் பேசாமல் கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றிச் சென்றார்.

நாமும் பேசாமல் திரும்பினோம். பொறுமை காத்தோம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம். ஆனால் அந்த அம்மையாரின் முகம் உறங்கவிடவில்லை. சினம் கொள்ளாமை ஓர் அறம்; கேட்கவேண்டியதைக் கேளாதிருத்தல் அறமன்று. பொறுமை என்று நாம் பெயரிட்டது, உண்மையில் கூச்சமும் சோம்பலுமே. வசதியுள்ளவர் விட்டுக்கொடுக்கலாம், ஆயின் அவர் மௌனம் வழக்கமாகி, வசதியற்றவர் தலையில் விடிகிறது.

சட்டம் கூறுவது யாது? 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பொருளின் குறையை நீக்கவும், குறையற்ற புதிய பொருளை மாற்றித் தரவும், விலையைத் திருப்பித் தரவும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உத்தரவிடலாம். ‘குறையற்ற’ என்பதே இங்கு உயிர்ச்சொல். மாற்றுப் பொருளுக்கு உத்தரவாதம் புதிதாகத் தொடங்கும் என்று சட்டம் பொதுவிதி வகுக்கவில்லை. எஞ்சிய காலம் மட்டுமே என்று எழுதும் அட்டைகள் பல. ஆயினும் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை; வழக்கறிஞரும் கட்டாயமில்லை. தம் பிழைப்புக்காகத் தாமே தொழில் செய்ய வாங்குவோரும் நுகர்வோரே. ஆகவே இட்லிக்கடை அம்மையாரும் முறையிடலாம்.

சட்டம் பேசாது விட்ட இடத்தில் அறம் பேசுகிறது. கள்ளாமை என்னும் அணுவிரதத்திற்கு நம் முன்னோர் வகுத்த ஐந்து அதிசாரங்களுள், அளவைகளைக் கூட்டியும் குறைத்தும் வழங்குதல் ஒன்று. போலியை நல்லதென விற்றல் மற்றொன்று. கிரைண்டர் கடையில் கிடந்த இரண்டு மாதங்களையும் நாம் பயன்படுத்தியதாகக் கணக்கிட்டனர். அவற்றைக் கழித்திருந்தால் உத்தரவாதம் இன்னும் எஞ்சியிருந்திருக்கும். மரக்காலில் குறைத்தால் களவு. மாதத்தில் குறைத்தால் மட்டும் விதியா? அவ்வாறே, பழையதைத் துடைத்துப் புதியதென்று மாற்றிக் கொடுப்பதும் போலியை விற்பதேயாகும்.

இவ்விரதம் வாங்குவோரையும் பிணிக்கும். மோட்டாரில் நீர் புகவிட்டுப் பின் “தானே நின்றது” என்று கூறி மாற்றுப் பொருள் பெறுபவர், பொய்யும் களவும் ஒருங்கே செய்தவராவார்.

எனவே நிறுவனத்திற்கு ஒரு மடல் எழுதினோம். வாங்கிய நாள், ஒப்படைத்த நாள், திரும்பப் பெற்ற நாள் ஆகியவற்றைக் குறித்து, ரசீதின் நகலையும் அட்டையின் நகலையும் இணைத்தோம். கடுஞ்சொல் ஒன்றும் சேர்க்கவில்லை; குறைந்த இரண்டு மாதங்களை மட்டுமே கேட்டோம். மூன்று வாரங்களில் மோட்டாரை விலையின்றி மாற்றித் தந்தனர். பின்னர் அந்த அம்மையாரைத் தேடிச்சென்று, அவர் கூறியபடி அவர் பெயரிலும் ஒரு மடல் எழுதிக் கொடுத்தோம். அதற்கு விடை இன்னும் வரவில்லை. வாராவிடில் ஆணையத்திற்கு அவருடன் செல்ல எண்ணியுள்ளோம்.

வாசகர்கள் ரசீதைப் பாதுகாத்து வைப்பார்களாக. பழுதான பொருளை ஒப்படைக்கும்போது நாள் குறித்த சீட்டுப் பெறுக. மாற்றுப் பொருள் பெறும்போது, அதன் நாளையும் எண்ணையும் அட்டையில் எழுதி முத்திரையிடச் சொல்லுக. ஐயம் எழுந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

வணிகராய் உள்ள அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாற்றிக் கொடுப்பது நீங்கள் செய்யும் உதவியன்று. பெற்ற விலைக்குரிய கடனின் தொடர்ச்சியே ஆகும். உழைக்கும் பொருள் ஒன்று வாங்கியவர் கையில் சேரும்வரை அக்கடன் தீர்வதில்லை.