செயினைத் தொட்டுப் பாருங்கள்

பைக்கை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, நியூட்ரலுக்கு வாருங்கள். செயின் கவரில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றி, விரலால் செயினை மேலும் கீழும் அசையுங்கள். பெரும்பாலான 100 சிசி வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆடினால் சரி. அதிகம் தொய்ந்தால் பல்சக்கரத்திலிருந்து நழுவும். இறுக்கமாக இருந்தால் நல்லதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். அது பேரிங்கைத் தின்றுவிடும். சக்கரத்தைக் கையால் சுழற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள், செயின் எங்கும் ஒரே மாதிரி தேயாது. இப்படித் தொட்டுப் பழகியவருக்குத்தான், “செயின் செட்டையே மாத்தணும்” என்று மெக்கானிக் சொல்லும்போது அது உண்மையா என்று தெரியும். செயினை இறுக்கினால் பின்சக்கரம் நகரும். டிரம் பிரேக்கின் பிடியும் மாறும். மிதித்துப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.