தனியொருவரின் மறுப்பு

கற்றறிந்தோர் பலர் கூடி ஒரு முடிவுக்கு வரும்போது, அது பிழையென்று உறுதியாகக் கருதும் ஒருவர் என்ன செய்ய வேண்டும் என்னும் கேள்வி, குடும்பம் முதல் அரசவை வரை மனிதர் கூடி முடிவெடுக்கும் எல்லா இடங்களிலும் எழுவதாகும். அவைக்கு அஞ்சி அடங்கிப் போவது எளிது. வெளியே சென்று பழித்துத் திரிவதும் எளிது. இவ்விரண்டையும் விலக்கிய மூன்றாவது நெறிக்கு, இந்தியப் பொருளியலறிஞர் பி. ஆர். ஷெனாயின் (1905–1978) வாழ்க்கை தெளிவான சான்றாக விளங்குகிறது.

லண்டன் பொருளாதாரப் பள்ளியில் பயின்று, சுதந்திரச் சந்தைக் கோட்பாட்டின் முதன்மைச் சிந்தனையாளரான ஃபிரெடெரிக் ஹயக்கின் கருத்துகளில் தோய்ந்த ஷெனாய், ரிசர்வ் வங்கியில் பணியாற்றிய பின் அகமதாபாத்தில் குஜராத் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1956இல் தொடங்கவிருந்த இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை ஆராய அமைக்கப்பட்ட பொருளியலறிஞர் குழுவில் அவரும் இடம்பெற்றார். புள்ளியியலறிஞர் மகாலனோபிஸின் சிந்தனையில் உருவாகி, கனரகத் தொழில்களுக்கு முதலிடம் தந்த அத்திட்டத்தின் அடிப்படையைக் குழு ஏற்றுக்கொண்டபோது, 1955இல் தனியாக மாறுபட்ட கருத்துக் குறிப்பை எழுதி அளித்தவர் அவர் ஒருவரே.

அக்குறிப்பின் மையமாக இருந்தது பற்றாக்குறை நிதியாக்கம், அதாவது வரியும் மக்களின் சேமிப்பும் போதாத நிலையில் அரசு மத்திய வங்கியிடம் புதிதாகப் பணம் பெற்றுச் செலவிடும் முறை. பொதுத்துறைச் செலவாக வகுக்கப்பட்ட 4,800 கோடி ரூபாயில் 1,200 கோடி, அதாவது நான்கில் ஒரு பங்கு, இவ்வாறு திரட்டப்படவிருந்தது. நாட்டின் உண்மையான சேமிப்பை மீறிய முதலீடு விலைவாசியை உயர்த்தும் என்றும், உயர்ந்த விலையை அடக்கக் கட்டுப்பாடுகள் பெருகும் என்றும், பெருகிய கட்டுப்பாடுகள் அதிகாரிகளின் கையில் அளவற்ற வலிமையைக் குவித்து மக்களாட்சியையே நலியச் செய்யும் என்றும் அவர் எச்சரித்தார்.

குறிப்பு ஏற்கப்படவில்லை. ஆயினும் 1957இல் கடுமையான அந்நியச் செலாவணி நெருக்கடி மூண்டது. 1958இல் திட்டச் செலவு 4,500 கோடியாகச் சுருக்கப்பட்டது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு, டாலருக்கு 4.76 ரூபாய் என்பதிலிருந்து 7.50 ரூபாய் என்ற நிலைக்குக் குறைக்கப்பட்டது. 1959இல் சென்னையில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜி, ‘பெர்மிட் லைசென்ஸ் ராஜ்’, அதாவது எதற்கும் அரசின் அனுமதியும் உரிமமும் வேண்டிய ஆட்சி, என்று கண்டித்ததும் ஷெனாய் முன்கூட்டி அஞ்சிய அதே ஆட்சி முறையைத்தான்.

இதனால் அவர் கூறிய அனைத்தும் சரி என்று முடிவு செய்தல் பொருந்தாது. நெருக்கடிக்கு உணவு இறக்குமதி போன்ற பிற காரணங்களும் இருந்தன. மிகுந்த வறுமையும் எழுத்தறிவின்மையும் நிலவிய நாட்டில் சந்தை மட்டுமே பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் கடைக்கோடிக்குக் கொண்டு சேர்த்திருக்குமா என்ற கேள்விக்கு அவருடைய கோட்பாட்டில் நிறைவான விடை இல்லை. ஆனால் அவருடைய மறுப்பின் மதிப்பு அது பலித்த அளவைப் பொறுத்தது அன்று. அது முன்வைக்கப்பட்ட முறையைப் பொறுத்தது. எவரையும் இழித்துரைக்காமல், ஏன் மாறுபடுகிறார் என்பதையும் எந்தச் செயலால் எந்த விளைவு நேரும் என்பதையும், காலம் சோதித்துப் பார்க்கும்படி அவர் எழுதிக் கையொப்பமிட்டார். தாம் பிழைபட்டால் அப்பிழை தம் பெயரிலேயே நிலைக்கும் என்பதை அறிந்தே அதைச் செய்தார். பின்னரும் இருபதாண்டுகளுக்கு மேலாக அதே நிலைப்பாட்டில் நின்று எழுதினார்.

பிடிவாதத்தையும் அறிவுநேர்மையையும் வேறுபடுத்துவது இந்தப் பொறுப்பேற்பே. மாறுபடுபவருக்குக் காரணத்தை வெளிப்படையாக வைக்கும் கடமை உண்டு. மாறுபாட்டைப் பெரும்பான்மையின் தீர்மானத்தோடு சேர்த்துப் பதிவில் காத்து, பின்னாளில் எடுத்துப் படிக்கும் கடமை அவைக்கு உண்டு. ஊராட்சி மன்றமாயினும் பல்கலைக்கழகமாயினும் குடும்பமாயினும், ஒருமனதான முடிவைக் கண்டு மகிழ்வதற்கு முன், அங்கே எவரேனும் அஞ்சி வாய்மூடியிருக்கிறாரா என்று கேட்டறிவோமாக.