காற்றின் மேல் பழி

வெப்பக்காற்று பலூனுக்குச் சுக்கான் கிடையாது. அதில் ஏறியவன் செய்யக்கூடிய காரியங்கள் இரண்டே. பர்னரைத் திறந்து புரொப்பேன் வாயுவை எரித்து உள்ளிருக்கும் காற்றைச் சூடாக்கலாம், பலூன் எழும். கயிற்றை இழுத்து உச்சியிலுள்ள திறப்பின் வழியே சூட்டை வெளியேற்றலாம்; இறங்கும். கிழக்கே போகவோ மேற்கே போகவோ அவன் கையில் கருவி எதுவுமில்லை. இருந்தும் அவனை ஓட்டுகிறவன் என்றே சொல்கிறோம். இந்தச் சொல் நியாயமானதுதானா?

காற்று ஒன்றல்ல என்பதில் பதில் தொடங்குகிறது. உயரத்துக்கு உயரம் அதன் திசையும் வேகமும் மாறுகின்றன. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில், ஆல்புகர்க்கியில், இலையுதிர்காலக் காலை நேரங்களில் சில நாட்கள் குளிர்ந்த காற்று ரியோ கிராண்டே பள்ளத்தாக்கை ஒட்டித் தாழ்வாகத் தெற்கே நகரும். அதற்கு மேலே காற்று வடக்கே வீசும். தாழப் பறந்து தெற்கே போனவன் மேலெழுந்து வடக்கே திரும்பி, புறப்பட்ட இடத்துக்கு அருகிலேயே இறங்கிவிடலாம். காற்றை அவன் ஒரு அங்குலம்கூட மாற்றவில்லை. எந்தக் காற்றில் தான் இருப்பது என்பதை மட்டுமே தீர்மானித்தான்.

கிடைத்தவற்றுள் தேர்ந்துகொள்வதே சுதந்திரம் என்று இதைக் கொண்டு முடித்துவிடலாம். ஆனால் இந்த முடிவு மிகவும் சௌகரியமானது. எல்லா நாளும் எதிரெதிர்க் காற்றுகள் அடுக்கடுக்காக அமைந்து காத்திருப்பதில்லை. தவிர, தேர்வு உடனே பலிப்பதுமில்லை. 2,200 கன மீட்டர் கொள்ளும் பலூனுக்குள் இரண்டு டன்னுக்கு மேல் காற்று இருக்கிறது. எரித்த சுடருக்கு அது இணங்கச் சில நொடிகள் ஆகும். இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தபின் எரிக்கிறவன் தாமதித்தவன். ஆகவே ஓட்டுகிறவனின் செயல் ஒவ்வொன்றும் இன்னும் நேராத ஒன்றுக்குப் பதிலாக இருக்கவேண்டியிருக்கிறது. எரித்த வாயு திரும்ப வரவாகாது. இறங்குவதற்கென்று ஒரு பாகத்தை மிச்சம் வைத்துத்தான் மற்றதைச் செலவிட முடியும்.

இன்னொன்று: சீராகப் போகும் பலூனின் கூடைக்குள் காற்று வீசுவது தெரியாது. காற்றின் வேகமே கூடையின் வேகமாகிவிடுவதால் எல்லாம் நிச்சலனமாக இருக்கும். தான் அடித்துச் செல்லப்படுவதை அறிய ஒருவன் கீழே, தரையைப் பார்க்கவேண்டும். தன் காலத்தோடு முழுமையாகப் போகிறவனுக்கும் காலம் அசைவற்றே தோன்றும்.

1783இல் மனிதனை முதன்முதலாகப் பலூனில் அனுப்ப யோசித்தபோது, மரண தண்டனை பெற்ற கைதிகளை ஏற்றலாம் என்றார் பதினாறாம் லூயி மன்னர். செத்தாலும் நஷ்டமில்லை என்பது மன்னரின் கணக்கு. கொண்டுபோகப்படுகிறவனுக்குச் சித்தம் எதற்கு என்ற அனுமானமும் அதில் ஒளிந்திருக்கிறது. பிலாத்ர் த ரோஸியே அதை மறுத்தார். நவம்பர் 21 அன்று அவரும் தார்லாந்த் பிரபுவும் ஏறி, கையால் நெருப்பு வளர்த்தபடி, பாரிஸின் மேல் சுமார் 25 நிமிஷம் பறந்தார்கள். சரக்குக்கும் மனிதனுக்கும் உள்ள வித்தியாசம் அந்த நெருப்பைக் கவனிப்பதில் இருந்தது. அதே ரோஸியே, ஆங்கிலக் கால்வாயைக் கடக்க பூலோனில் மாதக்கணக்கில் காற்றுக்குக் காத்திருந்து, 1785 ஜூன் 15இல் எழும்பினார். காற்று திரும்பியது. பிரெஞ்சுக் கரையிலேயே விழுந்து தோழனோடு இறந்தார். காற்று திரும்பியது அவர் குற்றமல்ல. ஆனால் ஹைட்ரஜனையும் நெருப்பையும் ஒரே பலூனில் சேர்த்தது காற்றல்ல.

2016 ஜூலை 30இல் டெக்ஸாஸில் லாக்ஹார்ட் அருகே ஒரு பலூன் மின்கம்பிகளில் மோதி, அதிலிருந்த 16 பேரும் மாண்டார்கள். விசாரித்த அரசுக் குழு மின்கம்பியையோ மூடுபனியையோ காரணமாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. ஏறத் தீர்மானித்தது, பனியிலும் மேகத்துக்கு மேலும் தொடர்ந்தது, மேகத்தினூடே இறங்கியது என்று ஓட்டியவரின் தீர்மானங்களையே வரிசைப்படுத்தியது.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். பலூனோட்டி தரையில் நின்று, சிறு பலூன் ஒன்றைப் பறக்கவிட்டுக் காற்றின் போக்கைப் பார்த்து, வேண்டாம் என்று வீடு திரும்பலாம். அவனுடைய சுதந்திரம் பூரணமாக இருப்பது அந்த ஒரு கணத்தில்தான். நமக்கு அந்தக் கணம் தரப்படவில்லை. மொழி, ஜாதி, வர்க்கம் என்ற காற்றுகளைப் பரீட்சித்துவிட்டு நாம் பிறக்கவில்லை, கூடைக்குள்ளேயே பிறந்தோம். உண்மைதான். ஆனால் அந்த மூன்று தீர்மானங்களில் முதலாவதை மட்டுமே இது நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. தொடர்வதும் இறங்குவதும் நம்மிடம் மிஞ்சுகின்றன.

நம் விமர்சனத்தில் 'சூழ்நிலை' என்ற சொல் இரண்டு விதமாகப் புழங்குகிறது. எழுத்தாளன் சூழ்நிலையின் விளைபொருள் என்கிறவர்கள் அவனைச் சரக்காக்குகிறார்கள். சூழ்நிலையே இல்லை என்கிறவர்கள் தரையைப் பார்க்க மறுக்கிறார்கள். இருவருமே அவனை விசாரணையிலிருந்து விடுவித்துவிடுகிறார்கள். பலூன் இறங்குவதோ பெரும்பாலும் யாரோ ஒருவரின் வயலில். பயிர் நசுங்கலாம், மாடு மிரளலாம். காற்று கொண்டுவந்து விட்டது என்று அந்த வயலுக்குரியவரிடம் சொல்லலாம். அது பொய்யும் அல்ல. ஆனால் அது அவர் கேட்ட கேள்விக்குப் பதிலாகாது.